வியட்நாம் குழுச் சுற்றுலா: பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஹனோயில் இறங்கி, கடற்கரையை ஒட்டியே தெற்கே வந்து, சைகோனில் விமானம் ஏறும் சுற்றுலாவுக்கு இரண்டு முறை போய் வந்துவிட்டேன். முதல் முறை ஏழு நாள் அவசரப் பேக்கேஜ். இரண்டாம் முறை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பத்து நாள். அதிலிருந்து உறவுக்காரர்களும் அலுவலக நண்பர்களும் மாறி மாறிக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எத்தனை நாள் போதும்?

ஒன்பது இரவு. ஹனோயில் இரண்டு, ஹா லாங் விரிகுடாவில் படகில் ஒன்று, ஹுவேயில் இரண்டு, ஹோய் ஆனில் இரண்டு, ஹோ சி மின் நகரத்தில் (பழைய பெயர் சைகோன், ஊர்க்காரர்கள் பலர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்) இரண்டு.

விளம்பரத்தில் வரும் ஏழு நாள் பேக்கேஜில் முதலில் வெட்டுப்படுவது பழைய தலைநகரான ஹுவேதான். அடுத்தது பழைய சிவன் கோயில்கள் இருக்கும் மீ சன். நாட்டின் நடுவில் இருக்கும் இந்த இரண்டையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது இரண்டு பெருநகரம், ஒரு படகு, ஒரு கேளிக்கைப் பூங்கா. அதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று எனக்குத் தோன்றும். இரண்டு பேக்கேஜ்களை ஒப்பிடும்போது விலைக்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: ஹுவேயில் இரவு தங்குகிறார்களா, அல்லது நடுக் கடற்கரைப் பெருநகரான டா நாங்கிலிருந்து காலையில் கூட்டிப்போய் மாலையில் திரும்பிவிடுகிறார்களா?

எந்த மாதம் போகலாம்?

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. நீளமான நாடு என்பதால் மூன்று பகுதிக்கும் மூன்று வகை வானிலை. டிசம்பர், ஜனவரியில் ஹனோயில் ஸ்வெட்டர் வேண்டும். அதே நாளில் சைகோனில் வியர்த்துக் கொட்டும். நடுக் கடற்கரைக்கு மழை வருவது நம்மைப் போலவே வடகிழக்குப் பருவக்காற்றில். நமக்கு ஐப்பசி அடைமழை என்றால் ஹுவேக்கும் ஹோய் ஆனுக்கும் அதே சமயத்தில் வெள்ளம், கூடவே புயலும். தீபாவளி விடுமுறையைக் குறிவைத்துப் பதிவு செய்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அப்புறம், டெட் எனும் அவர்களது புத்தாண்டு. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரம் கடைகள் பூட்டியிருக்கும், ரயிலிலும் விமானத்திலும் இடம் கிடைக்காது. முன்பெல்லாம் பொங்கலுக்குக் கோயம்பேடு பேருந்து நிலையம் எப்படி இருந்ததோ அப்படி.

விசா எப்படி?

இணையத்தில் எடுக்கும் இ-விசா போதும். 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைவதற்கான கட்டணம் 25 டாலர். வியட்நாம் அரசின் குடிவரவுத் துறை இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். தேடினால் அதே போல் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும். அங்கே பணம் பல மடங்கு. டூர் நிறுவனமே விசா எடுத்துத் தருவதாக இருந்தால், வந்த விசாவை நீங்கள் ஒருமுறை பாஸ்போர்ட்டுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை. பிரச்சினை வருமா?

நம்மவர்களுக்கே உரிய கேள்வி இது. அப்பாவின் பாஸ்போர்ட்டும் அப்படித்தான். சர்நேம் கட்டம் காலி, முழுப் பெயரும் கிவன் நேமில். விசாவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வந்துவிடும். விமான நிறுவனங்கள்தான் அந்தக் காலிக் கட்டத்தை ஆளுக்கொரு விதமாக நிரப்புகின்றன. ஒன்று அதே பெயரை இரண்டு முறை போடும், இன்னொன்று வேறு ஏதாவது போடும். டிக்கெட் எடுக்கும்போதே அந்த நிறுவனத்தின் வழக்கம் என்ன என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்னை கவுண்டரில் நாங்கள் இருபது நிமிடம் நின்றோம். அந்த மின்னஞ்சல்தான் காப்பாற்றியது.

ஹனோயில் தவறவிடக்கூடாதது எது?

இலக்கியக் கோயில். 1070-இல் கன்ஃபூசியஸுக்காகக் கட்டியது. ஆறு வருடம் கழித்து அங்கேயே நாட்டின் முதல் உயர்கல்விக் கூடம் வந்தது. கல் ஆமைகளின் முதுகில் 82 கல்வெட்டுகள் நிற்கின்றன. 1442 முதல் 1779 வரை அரசாங்கத் தேர்வில் தேறியவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால் கல்லில் வெட்டிய ரேங்க் லிஸ்ட். இன்றைக்கும் பரீட்சைக்கு முன் மாணவர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் ஆமைத் தலையைத் தொட்டுத் தொட்டு வழுவழுப்பாக்கிவிட்டதால் இப்போது வேலி போட்டிருக்கிறார்கள்.

வியட்நாமின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின்னின் உடல் வைத்திருக்கும் மண்டபம் திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலையில் மட்டும். உங்கள் அட்டவணையில் எந்தக் கிழமை என்று பாருங்கள். வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹா லாங் படகில் ஓர் இரவு பாதுகாப்பா?

2025 ஜூலையில் திடீர்ப் புயல்மழையில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் கேள்வி நியாயமானதுதான். வானிலை மோசமானால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு உங்கள் படகுப் பயணம் ரத்து. அதைக் குறை சொல்லி கைடிடம் சண்டை போடும் ஆட்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள், நீங்கள் அந்த ஆளாக இருக்க வேண்டாம். ரத்தானால் பணம் எவ்வளவு திரும்ப வரும், அன்றிரவு எங்கே தங்கவைப்பார்கள் என்ற இரண்டையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட் அறையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மற்றபடி, கடலுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுண்ணாம்புக்கல் குன்றுகள் நடுவே விடிகாலையில் கண் விழிப்பது தனி அனுபவம். பகல் பயணமாகப் போய்த் திரும்பினால் பாதி நாள் பேருந்திலேயே போய்விடும்.

ஹுவேயில் அப்படி என்ன இருக்கிறது?

1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்தின் தலைநகர். பதின்மூன்று அரசர்கள். சுற்றளவு பத்து கிலோமீட்டர் வரும் கோட்டை, அதற்குள் இன்னொரு மதில், அதற்குள் அரசர் குடும்பம் மட்டும் வாழ்ந்த பகுதி. 1945 ஆகஸ்ட் 30 அன்று கடைசி அரசர் பாவ் தாய் இதன் தெற்கு வாசல் மாடத்தில் நின்று வாளையும் முத்திரையையும் புதிய அரசின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார்.

கோட்டைக்குள் நுழைந்ததும் பலருக்கு ஏமாற்றம் வரும். பரந்த புல்வெளி, நடுநடுவே அடித்தளக் கற்கள். “இதைப் பார்க்கவா இரண்டு நாள்?” என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டேவிட்டார். 1968-இல், வியட்நாம் போரின் நடுவே, டெட் புத்தாண்டை ஒட்டிக் கம்யூனிஸ்ட் படைகள் தொடுத்த டெட் தாக்குதலின்போது இந்தக் கோட்டைக்குள் ஏறக்குறைய ஒரு மாதம் சண்டை நடந்தது. 1947-இல் பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்த சண்டையில் எரிந்தது போக, மிஞ்சிய அரண்மனைகளில் பலவும் அதில் போயின. அந்தப் புல்வெளிதான் அந்தச் சண்டைகளின் தடயம். கைடு நல்லவராக இருந்தால் எந்த மேடையில் எந்த மண்டபம் நின்றது என்று பழைய புகைப்படத்தைக் கையில் வைத்துக் காட்டுவார். கைடு இல்லாமல் ஹுவே பாதிதான் புரியும். குழுச் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் பணம் வசூலாகும் இடம் இது.

ஊருக்கு வெளியே ஆற்றோரமாக அரசர்களின் சமாதிகள். து துக் அரசர் தன் சமாதித் தோட்டத்தைத் தான் உயிரோடிருக்கும்போதே கட்டி, குளக்கரை மண்டபத்தில் உட்கார்ந்து கவிதை எழுதியிருக்கிறார். கை தின் அரசருடையது 1931-இல் முடிந்தது. வெளியே கறுத்த கான்கிரீட், உள்ளே சுவரெங்கும் பீங்கான் துண்டுகளிலும் கண்ணாடித் துண்டுகளிலும் இழைத்த சித்திர வேலை. அம்மாவுக்கு இதுதான் பிடித்தது. எனக்கு து துக்கின் குளம்.

தியென் மு பகோடாவை ‘ஏழு அடுக்கு கோபுரம்’ என்று மட்டும் சொல்லி நகர்த்திவிடுவார்கள். பின்புறம் ஒரு கொட்டகையில் நீல நிற ஆஸ்டின் கார் நிற்கும், அதைப் போய்ப் பாருங்கள். பௌத்தர்கள் மீதான அடக்குமுறையை எதிர்த்து 1963 ஜூன் 11 அன்று சைகோன் நாற்சந்தியில் தீக்குளித்த துறவி திக் குவாங் துக், அந்த இடத்துக்கு வந்திறங்கிய கார் அது.

மீ சன் கோயில்களைச் சோழர்கள் கட்டினார்களாமே?

இல்லை. வாட்ஸ்அப்பில் வருவதை அங்கே போய்க் கைடிடம் சொல்லி என் சித்தப்பா சங்கடப்பட்டார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டியவர்கள் சாம் மக்கள். அவர்களது நாடு சம்பா. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் இந்தப் பள்ளத்தாக்கில் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவலிங்கம் நிறுவினான். மரக்கோயில் எரிந்துபோக, பிறகு வந்த சம்புவர்மன் மறுபடி எழுப்பி, தன் பெயரையும் சேர்த்துச் சம்புபத்ரேசுவரர் ஆக்கினான். பத்ரவர்மன் லிங்கம் நிறுவியது தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அறுநூறு வருடத்துக்கும் முந்தைய சங்கதி. ராஜேந்திரனின் படை 1025-இல் போனது ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும், சம்பாவுக்கு அல்ல. கடல் வணிகம் வழியாகச் சைவமும் சமஸ்கிருதமும் தென்னிந்திய எழுத்து முறையும் அங்கே போய்ச் சேர்ந்தன. அதை வாங்கிக்கொண்டு அவர்கள் தங்களுக்கென ஒரு கட்டடக் கலையை உருவாக்கிக்கொண்டார்கள்.

செங்கல் இணைப்பில் சாந்து கண்ணுக்கே தெரியாது. எப்படி ஒட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. வியட்நாம் போரின்போது கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இங்கே பதுங்கினார்கள். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் எல்லாவற்றிலும் உயரமான கோபுரம் போயிற்று. பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன. பாதையை விட்டு இறங்காதீர்கள். பிறகு, 1980-களில் கஸிமியெர்ஸ் க்வியாட்கோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக் கலைஞர் இவற்றை மீட்டெடுக்கப் பாடுபட்டார். ஹோய் ஆனில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2017 முதல் சில தொகுதிகளை இந்தியத் தொல்லியல் துறை சீரமைத்தது. அந்த வேலையின்போதுதான் 2020-இல் மணற்கல்லில் ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று வெளிப்பட்டது.

நடைமுறை விஷயம்: ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். எட்டு மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள், பத்துக்கு மேல் வெயிலும் கூட்டமும் ஒன்றாக வரும். சிற்பங்கள் பெரும்பாலும் அங்கே இல்லை, டா நாங்கில் 1919-இல் திறந்த சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நின்ற கோலத்தில் ஒரு பிள்ளையார் உண்டு. அட்டவணையில் அருங்காட்சியகம் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் போதும்.

சாம் மக்கள் இப்போது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 1471-இல் வியட்நாமிய அரசு அவர்களது தலைநகர் விஜயாவைப் பிடித்தபின் தெற்கே ஒதுங்கினார்கள். இன்று ஒரு பகுதியினர் முஸ்லிம்கள். ஒரு பகுதியினர் பலமோன் எனப்படும் பழைய சைவ வழியினர். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஹோய் ஆன் வெறும் விளக்குக் கடை என்கிறார்களே?

மாலை ஆறுக்கு மேல் போனால் அப்படித்தான் இருக்கும். காலை ஆறரைக்குப் போங்கள். ஜப்பானியரும் சீனரும் வந்து தங்கி வியாபாரம் செய்த துறைமுகம். ஆறு மண்மேடிட்டுக் கப்பல்கள் டா நாங்குக்கு மாறியதால் ஊர் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. நம் ஊர்ப் பக்கம் தரங்கம்பாடியைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பழைய வணிகர் வீடுகளுக்குள் போனால் சுவரில் கோடுகள் கிழித்து ஆண்டு எழுதியிருப்பார்கள், வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று. மச்சில் ஒரு திறப்பு இருக்கும். தண்ணீர் வரும்போது சரக்கை மேலே இழுக்கும் வழி.

துணி தைக்கக் கொடுப்பதென்றால் முதல் நாளே கொடுங்கள். 24 மணி நேரத்தில் தருவார்கள், ஆனால் அளவு சரிபார்க்க இன்னொரு நாள் வேண்டும். இரண்டு இரவு என்று நான் வற்புறுத்த இதுவும் ஒரு காரணம்.

ஹுவேயிலிருந்து டா நாங்குக்குச் சுரங்கமா, மலைப்பாதையா?

மலைப்பாதை. 2005-இல் திறந்த ஆறு கிலோமீட்டர் சுரங்கத்தில் நேரம் மிச்சம், ஆனால் ஹை வான் கணவாயின் கடல் காட்சி போய்விடும்.

பா நா மலை, தங்கப் பாலம்?

டா நாங்குக்குப் பக்கத்து மலையில் உள்ள கேளிக்கைப் பூங்கா இது. ராட்சதக் கைகள் தாங்குவது போன்ற அந்தப் பாலம் 2018-இல் திறந்தது. கண்ணாடியிழையும் கம்பிவலையும் கொண்டு செய்த கைகள், பழமையில்லை. ஒரு முழு நாளும், நல்ல தொகையும் ஆகும். குழந்தைகளோடு போனால் சரி. இல்லையென்றால் அந்த நாளை மீ சன்னுக்குக் கொடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், சொல்லத் தெரிந்தால். “சாய்” என்றால் சைவம். “தோய் அன் சாய்” – நான் சைவம் சாப்பிடுகிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பலர் அங்கே சைவம் சாப்பிடுகிறார்கள், அதனால் சொல் எல்லோருக்கும் தெரியும். ஹுவே பௌத்த ஊர். சைவ உணவு அங்கே ஒரு பாரம்பரியமாகவே இருக்கிறது. குழுவினர் இந்திய உணவகத்தில் வரிசையில் நின்ற இரவில் நாங்கள் இப்படி ஒரு சைவக் கடையில் வாழைப்பூச் சாலட் சாப்பிட்டோம்.

கவனிக்க வேண்டியது மீன் சாறு. கீரை வதக்கலில்கூடக் கை தவறாமல் ஊற்றிவிடுவார்கள். ‘இறைச்சி இல்லாமல்’ என்று கேட்டால் இறைச்சி மட்டும்தான் இருக்காது. தயிர் இனிப்பாக இருக்கும். தயிர்சாதம் இல்லாமல் முடியாதவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். அம்மா பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுவந்தார். வெள்ளைச் சோறு எல்லா இடத்திலும் கிடைக்கிறது, பிறகென்ன.

முத்துக் கடை, பட்டுக் கடை என்று நிறுத்துகிறார்களே, தவிர்க்க முடியாதா?

முதல் பயணத்தில் ஹா லாங் போகும் வழியில் ஒரு முத்துக் கடையில் 55 நிமிடம், ஹனோயில் மெத்தைக் கடையில் 40 நிமிடம். மெத்தையை விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று யாரும் கேட்கவில்லை. பேக்கேஜ் விலை அடிமாட்டு விலையாக இருந்தால் மீதியை இந்தக் கடைகளின் கமிஷன் ஈடுகட்டுகிறது. பதிவு செய்யும்போதே “கடை நிறுத்தம் மொத்தம் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம்?” என்று கேளுங்கள். ‘அதெல்லாம் கைடு பார்த்துப்பார் சார்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கைடு தமிழ் பேசுவாரா?

தமிழ்நாட்டு நிறுவனம் என்றால் கூடவே ஒரு டூர் மேனேஜர் வருவார், அவர் தமிழில் பேசுவார். ஊர்க் கைடு வியட்நாமியர்; ஆங்கிலம், அதுவும் அவர்கள் உச்சரிப்பில். அப்பாவுக்குப் புரியாததை நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். மேனேஜர் ஏற்கெனவே அந்த வழியில் போனவரா என்று கேட்பது முக்கியம். டிப்ஸ் எவ்வளவு, பேக்கேஜில் சேர்ந்ததா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வயதானவர்களுக்குச் சிரமமா?

முழங்கால் வலி இருந்தால் மூன்று இடம்: கை தின் சமாதிக்கு நூற்றுக்கு மேல் படிகள், ஹா லாங்கில் தி தோப் தீவின் உச்சி, டா நாங் பளிங்கு மலை. கடைசியில் மட்டும் லிஃப்ட் உண்டு. தீவில் கீழே கடற்கரையிலேயே உட்கார்ந்துவிடலாம். ஹனோயில் சாலை கடப்பதுதான் உண்மையான சிரமம். ஸ்கூட்டர்கள் நிற்காது. ஒரே வேகத்தில், நிற்காமல், பின்வாங்காமல் நடந்தால் அவர்களே விலகிப் போவார்கள். அப்பா மூன்றாம் நாள் என் கையை விட்டுவிட்டுத் தனியாகக் கடந்தார்.

பணம் எப்படிக் கொண்டுபோவது?

டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுவது எளிது. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய முந்நூறு டாங், அதனால் எல்லாம் லட்சக்கணக்கில். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டும் நீலம். இருட்டில் மாற்றிக் கொடுத்துவிடுவீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், இளநீர்க்காரம்மா கூப்பிட்டுத் திருப்பித் தந்தார். பெரிய நோட்டைப் பர்ஸில் தனியாக வையுங்கள். வேடிக்கை என்னவென்றால், நோட்டுகளின் பின்பக்கத்திலேயே பயணத் திட்டம் இருக்கிறது: 1,00,000-இல் இலக்கியக் கோயில், 2,00,000-இல் ஹா லாங், 50,000-இல் ஹுவே, 20,000-இல் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம்.

டூர் கட்டணத்தோடு டிசிஎஸ் என்று, நிறுவனமே வசூலித்து அரசுக்குக் கட்டும் ஒரு வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள்.

பிளக், கழிப்பறை, நேரம்?

நம் இரண்டு முள் சார்ஜர் பொருந்தும், மூன்று முள் பொருந்தாது. கழிப்பறையில் தண்ணீர்ப் பைப் பெரும்பாலும் உண்டு. நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால்.

சைகோனில் தமிழர் கோயில் இருக்கிறதாமே?

பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். தோன் தாத் தியெப் தெருவில் தண்டாயுதபாணி கோயில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தாரும், பாண்டிச்சேரியிலிருந்து அரசு வேலைக்குப் போனவர்களும் வாழ்ந்த ஊர் அது. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசலும் அருகிலேயே இருக்கிறது. 1975-க்குப் பிறகு பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள்.

மாரியம்மன் கோயிலுக்கு இன்று வருகிறவர்களில் அதிகம் வியட்நாமியரும் சீனரும்தான். ஊதுபத்திக் கட்டைப் பற்றவைத்து, கருவறையின் பின்சுவரில் நெற்றியை அழுத்தி, வேண்டுதலைச் சுவரிடம் முணுமுணுக்கிறார்கள். அம்மாவும் போய் நெற்றியை வைத்தார். பேக்கேஜில் இது பெரும்பாலும் இருக்காது. சந்தைக்கு விடும் ஒரு மணி நேரத்தில் நடந்தே போய்வரலாம்.

மிச்சமான டாங்கை என்ன செய்வது?

இங்கே வந்து மாற்றுவது கஷ்டம், யாரும் வாங்க மாட்டார்கள். சைகோன் விமான நிலையத்திலேயே டாலராக்கிவிடுங்கள், பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால். சில்லறைக்கு உள்ளே காபி குடிக்கலாம். விலை வெளியே இருப்பதைப் போல் மூன்று மடங்கு, ஐஸ் மட்டும் தாராளம்.